எவ்வளவு ஆழத்திலிருந்து

நான் சுமப்பது சளி.
சாப்பிடும்போது சொல்ல முடியாத வேலை.
லெசோத்தோ மலைமேல் நாலு சுகாதார நிலையங்கள்;
செவ்வாயும் வெள்ளியும் பைக்கில் ஏறிப்போய்
ஊர் இருமித் துப்பியதைக் குப்பி குப்பியாய் வாங்கி
நீலப் பெட்டியில் ஐஸுக்கு நடுவே நிறுத்தி
மாவட்ட ஆய்வுக்கூடத்தில் இறக்க வேண்டும்.
குப்பி சாயக் கூடாது. சூடேறக் கூடாது.
நான் சாயலாம்.
இரண்டு முறை சாய்ந்திருக்கிறேன்.
குப்பிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று
மேலதிகாரிக்கு நிம்மதி.

போன மாதம் தலைநகரில் கூட்டம்.
ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்.
‘அணுகல்’ என்று திரையில் ஒருவர் எழுதினார்,
பெரிய எழுத்தில், கீழே அம்புக்குறிகளோடு.
எனக்குத் தெரிந்த அணுகல்
ஆறு லிட்டர் பெட்ரோல்,
அறுந்துபோகாத ஒரு செயின்,
பாலமில்லாத இடத்தில் செங்கூ ஆறு காட்டும் தயவு.
கைதூக்கிச் சொல்ல நினைத்தேன்.
அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

மொஹாபியின் குப்பி முதலில் வந்தது நவம்பரில்.
எல்லைக்கு அப்பால், தங்கச் சுரங்கத்தில்
இருபத்தாறு வருஷம் இருந்தவர்.
முடிவு வந்தது:
‘இது எச்சில். சளி அல்ல. மறுபடி அனுப்பவும்.’
அந்த ஒற்றைத் தாளையும்
நாலு மணி நேரம் மேலே சுமந்து போனேன்.
தாளுக்கும் அதே பெட்ரோல்தான்.

“ஆழத்திலிருந்து இருமுங்கள்” என்றாள் நர்ஸ் லிம்போ.
“எவ்வளவு ஆழம்?” என்று கேட்டார்.
கேலியில்லை.
அளவு சொன்னால் இறங்கத் தயாராக நிற்பவரின் கேள்வி.
“இரண்டாயிரத்து நானூறு மீட்டர் வரை எனக்கு வழி தெரியும்.
அதற்குக் கீழே கூண்டு போகாது.”

யாரும் சிரிக்காததால் அவரே சிரித்தார்.
சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போக,
மனைவி மானேயோ முதுகைத் தடவிக்கொண்டே
குப்பியை வாயருகே பிடித்தாள்,
உதைக்கிற மாட்டிடம்
பால் வாளியைப் பிடிப்பதுபோல.
இந்த முறை சளிதான்.
சாம்பல் நிறம். ஒரு நூல் சிவப்பு.

என் கருத்தை யாரும் கேட்கவில்லை. இருந்தாலும்:
தங்கம் மேலே வர ஒருநாளும் வண்டி தவறியதில்லை.
கூண்டு, தண்டவாளம், லாரி, விமானம்.
தூசி மட்டும் நெஞ்சில் ஏறி வீடு திரும்பியபோது
அதை இறக்க ஒரு பைக்.
அதற்கும் மூன்று மாதப் படி பாக்கி.
நஷ்டஈட்டுக்கு எக்ஸ்ரே வேண்டுமாம்;
எக்ஸ்ரே அறைக்குப் பூட்டு;
சாவி, பயிற்சிக்குப் போன ஒருவரின் சட்டைப்பையில்.

இறங்கும் வழியில் ஆலங்கட்டி மழை.
செங்கூ கலங்கி ஏறிவிட்டது.
கரையில் மூன்று மணி நேரம்.
பெட்டிக்குள் ஐஸ் தண்ணீராகி
குப்பிகள் மெல்ல மிதக்கத் தொடங்கின.
பட்டாணிக் கொல்லையில் ஒருத்தி
அடிபட்ட செடிகளை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தாள்.
அவை நிற்கவில்லை.
பெட்டியைத் திறந்து காட்டினேன்.
என்னவென்று கேட்டாள். சொன்னேன்.
முகம் சுளிக்கவில்லை.
கம்பளியைக் குவித்து,
தன் விளைச்சலை அடித்துப்போட்ட அதே ஆலங்கட்டியை
வாரிவந்து கொட்டினாள்.
“யாருடையது?”
“மொஹாபி என்று ஒருவர்.”
“தெரியாது” என்றாள்.
இன்னொரு தடவை வாரிவந்தாள்.

ஆறு வழிவிட்டது ஐந்தேகாலுக்கு.
ஆய்வுக்கூடம் மூடுவது நாலரைக்கு.
இரவில் போய்க் கதவுக் கண்ணாடியைத் தட்டினேன்.
“நாளைக்கு வா” என்றான் காவலாளி.
பெட்டியைத் திறந்து, கையை உள்ளே விடச் சொன்னேன்.
“குளிருதா?”
“குளிருது.”
“நாளைக்குக் குளிராது.”

ஈரக் கையை உதறாமல்
மற்ற கையால் போனை எடுத்தான்.
யாரை எழுப்பலாம் என்று
பெயர் பெயராகத் தள்ளிக்கொண்டிருந்தான்.